6 மணி நேரம்: எப்போதிலிருந்து கணக்கு?

என் சித்தி மகளுக்குப் பிறந்த பிள்ளை அழவில்லை. விடியற்காலையிலிருந்து வலி தாங்க முடியவில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். வார்டில் கிடைத்த பதில், "எல்லாருக்கும் வர்ற வலிதான், சும்மா கத்தாத." எந்த மருத்துவமனை என்பதை விடுங்கள். பிள்ளைக்கு இப்போது நான்கு வயது. தலை இன்னும் நிற்கவில்லை.

பிறக்கும்போது மூளைக்கு ரத்தமும் ஆக்சிஜனும் போகாமல் தடைபட்டால், செல்கள் எல்லாம் அந்த நிமிடமே செத்துவிடுவதில்லை. கொஞ்சம் தேறும். சில மணி நேரம் கழித்து மறுபடியும் சரியும். அதற்கு முன், பிறந்த 6 மணி நேரத்துக்குள், குழந்தையின் உடல் வெப்பத்தை 33 - 34 டிகிரி செல்சியஸுக்கு இறக்கி 72 மணி நேரம் வைத்திருப்பதுதான் குளிர்விப்புச் சிகிச்சை. பணக்கார நாடுகளில் இது பல உயிர்களைக் காத்திருக்கிறது.

நம் பக்கம் நடந்தது வேறு. இந்தியா, இலங்கை, வங்கதேசத்தின் 7 பெரிய மருத்துவமனைகளில் 2015 முதல் 2019 வரை 408 குழந்தைகளைச் சேர்த்து 'ஹீலிக்ஸ்' ஆய்வு நடந்தது. எழும்பூரும் அதில் உண்டு. முடிவு 2021இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்தது. குளிர்வித்த குழந்தைகளில் 42 சதவீதம் பேர் இறந்தார்கள். குளிர்விக்காதவர்களில் 31 சதவீதம்.

"பாருங்கள், நமக்கு எது கொடுத்தாலும் ஒத்துவராது" என்று இதைப் படிப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அதற்காகக் குளிர்விக்கும் கருவி கேட்டுப் போராடுவதும் இப்போது தவறு. ஆய்வில் இன்னொரு செய்தி இருக்கிறது. ஸ்கேனில் இந்தக் குழந்தைகளுக்கு மூளையின் வெண்பகுதியில்தான் பாதிப்பு அதிகம். ஒரே அடியாக நேர்ந்ததைவிட, வயிற்றுக்குள்ளேயே நெடுநேரம் விட்டுவிட்டு மூச்சு முட்டியதன் அடையாளமாக அதைப் பார்க்கலாம். அப்படியென்றால் பிறந்த பிறகு 6 மணி நேரம் என்று எண்ணத் தொடங்கும்போதே காலம் கடந்துவிட்டது.

எண்ணூரிலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். வருகிற பெண்ணை நினைத்துப் பாருங்கள். துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர் வரிசைக்குப் பின்னால் ஆட்டோ நிற்கும். அதைவிட மோசம், கவனிக்க ஆளில்லாத இடத்தில் வலி ஊசி போட்டுப் பிரசவத்தை அவசரப்படுத்துவது. கருப்பை இடைவிடாமல் இறுகும்; ஒவ்வொரு இறுக்கத்திலும் குழந்தைக்குப் போகும் ரத்தம் குறையும். குழந்தையின் இதயத்துடிப்பை 15 - 30 நிமிடத்துக்கு ஒருமுறை, முக்கும் நேரத்தில் 5 நிமிடத்துக்கு ஒருமுறை கேட்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கையடக்க டாப்ளர் போதும். ஆனால் அதைப் பிடிக்க ஒரு நர்ஸ் வேண்டும். சேரிப் பெண் கத்தினால் அது கூச்சல், மற்றவள் கத்தினால் அது வலி என்று பிரிக்காத நர்ஸ் வேண்டும். சாதி இங்கே எங்கே வந்தது என்று கேட்பவர்கள் ஒரு இரவு அந்த வராந்தாவில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

மாணவத் தோழர்களே, உங்கள் பகுதி அரசுப் பிரசவ மையத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். இரவுப் பணியில் எத்தனை நர்ஸ்? டாப்ளர் வேலை செய்கிறதா? கடந்த மாதப் பிரசவங்களில் எத்தனைக்கு இதயத்துடிப்பு எழுதி வைக்கப்பட்டிருக்கிறது? வரும் பதிலை எனக்கும் அனுப்புங்கள்.