சென்னைச் சம்பளமும் மதுரைச் சம்பளமும்

சென்னையில் முப்பதாயிரம் உருபா பெறுவோன் செல்வன். மதுரையில் இருபதாயிரம் பெறுவோன் வறியன் என்று ஊரார் கணக்கிடுகின்றனர். எம்மிடம் பயின்று வேலை தேடிச் செல்லும் இளைஞர்தம் பெற்றோரும் அங்ஙனமே நம்புகின்றனர். எவ்வளவு வந்தது என்று பார்க்கின்றனரேயன்றி, எவ்வளவு நின்றது என்று பார்ப்பாரில்லை.

அரசே இவ்வேறுபாட்டை ஒருவாறு ஒப்புக்கொண்டுள்ளது. நடுவணரசு தன் பணியாளர்க்கு வழங்கும் வீட்டுக் குடிக்கூலிப்படி, 2024-இல் சென்னைக்கு அடிப்படைச் சம்பளத்தில் 30 விழுக்காடாகவும் மதுரைக்கு 20 விழுக்காடாகவும் உயர்ந்தது. நாற்பதாயிரம் உருபா அடிப்படைச் சம்பளம் பெறுவார்க்கு இடைப்பட்ட வேறுபாடு நாலாயிரமே. அந்நாலாயிரம் சென்னையின் நடுப்பகுதியில் எம்மட்டு? எனவே அவர் தாம்பரம் கடந்தும் ஆவடி கடந்தும் குடியேறுகின்றார். குடிக்கூலியில் மிச்சப்படுத்தியதை நேரமாகக் கொடுக்கின்றார். காலையில் ஒன்றரை மணி, மாலையில் ஒன்றரை மணி எனின், இருபத்தைந்து நாள் வேலைக்குத் திங்கள்தோறும் எழுபத்தைந்து மணி நேரம். எந்த விலைப்பட்டியலிலும் இஃது ஏறுவதில்லை.

அவர்க்காவது படியுண்டு. கூவக்கரையினின்று பெயர்த்தெடுக்கப்பட்டுக் கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் குடியமர்த்தப்பட்ட ஏழையர்க்கு அதுவும் இல்லை. கூப்பிடு தொலைவில் வீட்டுவேலை செய்து பிழைத்த பெண்டிர், ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் அப்பால் வைக்கப்பட்டனர். 2021 முதல் நகரப் பேருந்தில் பெண்டிர்க்குக் கட்டணமில்லை, நன்றே. போன நேரத்தை யார் தருவார்?

தண்ணீருக்கு வருவோம். மாம்பலத்து நெடிய ஏரியைத் தூர்த்து 1920-களில் தியாகராயநகர் கண்ட ஊர் சென்னை. அவ்வேரியை இன்று நினைவூட்டுவது, மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ' என்னும் ஆங்கிலச் சாலைப் பெயர்! 2019 சூலையில், சோலார்ப்பேட்டையிலிருந்து ஐம்பது பெட்டிகள் கொண்ட தொடர்வண்டியில் 25 இலக்கம் இலிட்டர் தண்ணீர் அந்நகருக்கு வந்திறங்கியது. அக்கோடையில் சுமையுந்துத் தண்ணீர் வாங்கிய குடும்பத்திற்குச் சம்பளம் எந்த அளவிற்கு நின்றிருக்கும்?

மதுரை குறையற்ற ஊரன்று. வையை ஆண்டின் பெரும்பகுதி மணலாய்க் கிடக்கின்றது. கழிவுநீரும் அதிற் கலக்கின்றது. ஆயினும் பகலுணவிற்கு வீடு சென்று மீளும் பணியாளர் அங்கு இன்றும் உளர். 1976-இல் மருத்துவர் கோ. வேங்கடசாமி தொடங்கிய கண் மருத்துவமனை ஏழையர்க்கு ஒளி தருகின்றது. சென்னை 2010-இல் பெற்ற பெருநூலகத்தைப் போன்றதொன்றை மதுரையும் 2023-இல் பெற்றுவிட்டது. போதாதது வேலை ஒன்றே. அதனாலன்றோ குறைந்த செலவில் வாழத்தகும் ஊரை விட்டு, நம் பிள்ளைகள் மிகுந்த செலவில் இடர்ப்படும் ஊருக்கு ஓடுகின்றனர்!

2004-இல் உயர்நீதிமன்றக் கிளை மதுரைக்கு வந்தது. அதன்பின், வழக்கிற்காகத் தென்மாவட்டத்தார் இரவெல்லாம் பேருந்தில் கிடந்து சென்னை செல்லும் நிலை பெரிதும் ஒழிந்தது. வழக்கிற்குச் செய்ததை வேலைக்கும் செய்க. துறைத் தலைமையகங்களுள் சிலவற்றையேனும் தெற்கே பெயர்க்க. மதுரையை அடுத்த கீழடியை அகழும் மாநிலத் தொல்லியல் துறைக்கு எழும்பூரில் தலைமையகம் எதற்கு?