கடவுச்சொல்லை மீட்டுத்தர ஓர் ஆள் வேண்டும்

தமிழக அரசுப் பள்ளிகளில் கருவிகளுக்கு இன்று பெரிய பஞ்சம் இல்லை. உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் வந்தன. பிறகு நடுநிலைப் பள்ளிகளுக்கும் அவை நீண்டன. தொடக்கப் பள்ளிகளில் ஸ்மார்ட் வகுப்பறைகள் திறக்கப்பட்டன. தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களுக்குச் சுமார் 80 ஆயிரம் டேப்லெட்கள் ஒதுக்கப்பட்டன. 2011-இல் விலையில்லா மடிக்கணினியில் தொடங்கிய பயணம் இது. ஆட்சி மாறியபோதும் நின்றுவிடவில்லை என்பதை மனதாரப் பாராட்ட வேண்டும்.

ஆனால், அந்தக் கருவியைத் திறந்ததும் ஆசிரியரும் மாணவரும் முதலில் பார்ப்பது பாடத்தை அல்ல. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் இரண்டு கட்டங்களை. பல பாடவேளைகள் அந்த இரண்டு கட்டங்களிலேயே கரைந்துவிடுகின்றன. ஆகவே நாம் கேட்பது இதுதான்: பள்ளிக்கல்வித் துறையில் ஓர் ஆசிரியருக்கு ஒரே கணக்கு, ஒரு மாணவருக்கு ஒரே கணக்கு. அந்தக் கணக்கு பூட்டிக்கொண்டால் அன்றைக்கே வந்து திறந்துவிட, பள்ளிக்கு எட்டும் தூரத்தில், அதற்கென்றே நியமிக்கப்பட்ட ஒரு பணியாளர். இரண்டில் எதை முதலில் செய்வது என்று அரசு கேட்டால், இரண்டாவதை என்போம்.

ஓர் அரசுப் பள்ளி ஆசிரியரின் ஒரு நாளில் எத்தனை நுழைவாயில்கள் இருக்கின்றன என்று பார்க்கலாம். மாணவர் வருகையைப் பதிவு செய்ய மாநிலத்தின் ‘எமிஸ்’ அமைப்பைச் சேர்ந்த செயலி. மத்திய அரசுக்கு விவரம் அனுப்ப ‘யுடைஸ் பிளஸ்’. 2017-இல் தொடங்கப்பட்ட ‘திக்‌ஷா’வில் பயிற்சிகள். விடுப்பு விண்ணப்பிக்கவும் சம்பளச் சீட்டு எடுக்கவும் ‘களஞ்சியம்’. எட்டாம் வகுப்பு மாணவரை உதவித்தொகைத் தேர்வுக்குப் பதிவு செய்ய ஒரு தளம், பத்தாம் வகுப்பு மாணவரின் பெயர்ப்பட்டியலைத் தேர்வுத் துறைக்கு ஏற்ற இன்னொரு தளம். மேல்நிலைப் பள்ளி என்றால் ‘நான் முதல்வன்’ தளமும் உண்டு. ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்த்தால் நியாயமான தேவைதான். எல்லாம் ஒரே ஆசிரியரின் தலையில் சேரும்போதுதான் பாரம் தெரிகிறது. பதிவுப் பணியிலிருந்து விடுவிக்கக் கோரி ‘டிட்டோஜாக்’ உள்ளிட்ட ஆசிரியர் கூட்டமைப்புகள் தொடர்ந்து குரல் கொடுத்து வருவதை வேலைக்கு அஞ்சுபவர்களின் முனகலாகத் தள்ளிவிடக் கூடாது. ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் விடுப்பு, மற்றவர் ‘சர்வர்’ சுற்றுவதைப் பார்த்தபடி கைபேசியுடன் வாசலில் நிற்கிறார் என்றால், ஐந்து வகுப்புப் பிள்ளைகள் அந்த நேரத்தில் ஆசிரியர் இல்லாமல் இருக்கிறார்கள் என்று பொருள்.

“எல்லா ஆசிரியர்களும் கைபேசியில் பணம் அனுப்புகிறார்கள், இது மட்டும் ஏன் கடினம்?” என்று கேட்பவர்கள் உண்டு. பணம் அனுப்பும் செயலியில் ஒரு கைபேசி, ஒரு ரகசிய எண், சிக்கல் வந்தால் போய் நிற்க ஒரு வங்கிக் கிளை எல்லாம் இருக்கின்றன. பள்ளியின் செயலிகளுக்கு அப்படி நேரில் போய் நிற்க ஓர் இடம் இல்லை. 14417 என்ற உதவி எண் இருக்கிறது. அது மாணவர், பெற்றோர், ஆசிரியர் என எல்லோருக்குமான பொது எண். வட்டார வள மையத்தில் இருப்பவரோ பள்ளிப் பார்வை, பயிற்சி, கணக்கெடுப்பு என்று ஏற்கெனவே பல வேலைகளைச் சுமப்பவர். அதனால் நடைமுறையில் உதவி மையமாக இருப்பது வாட்ஸ்அப் குழுதான். திரையைப் படம் பிடித்துப் போடுகிறார்கள். யாராவது விஷயம் தெரிந்தவர் இரவில் பதில் போடுகிறார். அந்தப் படத்தில் மாணவரின் பெயரும் ஆதார் எண்ணும் பெற்றோரின் கைபேசி எண்ணும் தெரிவதைப் பற்றி யாரும் கவலைப்பட நேரம் இருப்பதில்லை.

மாணவரின் பக்கம் இதைவிடக் கடினம். ஆய்வகத்தில் நாற்பது நிமிடப் பாடவேளை. கணினிக்கு இருவர் அல்லது மூவர். ஆறாம் வகுப்புத் தமிழ்வழிப் பிள்ளை விசைப்பலகையில் ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தேடுகிறாள். கடவுச்சொல்லில் ஒரு பெரிய எழுத்து இருக்க வேண்டும், ஓர் எண், ஒரு குறியீடு இருக்க வேண்டும். ‘ஷிப்ட்’ விசையை ஒரு விரலால் அழுத்திக்கொண்டு இன்னொரு விரலால் குறியீட்டைத் தட்ட வேண்டும் என்பதே அவளுக்குப் புதிய பாடம். கட்டத்தில் தெரிவது வெறும் புள்ளிகள் என்பதால் எங்கே தவறினாள் என்று அவளுக்கும் தெரியாது, பக்கத்தில் குனிந்து நிற்கும் ஆசிரியருக்கும் தெரியாது. திரும்பத் திரும்பத் தவறினால் கணக்கு பூட்டிக்கொள்ளும். திறக்க வேண்டுமானால் ஓடிபி வீட்டிலுள்ள கைபேசிக்குப் போகும். அந்தக் கைபேசி அப்பாவுடன் திருப்பூர் பனியன் கம்பெனியில் இருக்கும். அல்லது ரீசார்ஜ் செய்யாததால் அந்த எண்ணே போயிருக்கும்.

இந்த ஓடிபி விவகாரத்தில் அரசு உடனே கவனிக்க வேண்டிய ஒரு முரண் இருக்கிறது. ஓடிபியை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள் என்று வங்கிகளும் சைபர் குற்றப் பிரிவும் ஊர் ஊராகப் பிரசாரம் செய்கின்றன. அதே நேரத்தில், 2024-இல் பெற்றோரின் கைபேசி எண்களைச் சரிபார்க்கும் பணி நடந்தபோது, ஆசிரியர்கள் பெற்றோரை அழைத்து ஓடிபி கேட்க வேண்டியிருந்தது. சொல்லத் தயங்கிய பெற்றோரைக் குறை சொல்ல முடியாது. கல்வி உதவித்தொகை வந்திருக்கிறது என்று ஆசை காட்டிப் பணத்தைச் சுருட்டும் அழைப்புகள் இந்த மாநிலத்தில் பலரின் சேமிப்பைத் தின்றிருக்கின்றன. பள்ளியே ஓடிபி கேட்கும் பழக்கத்தை உண்டாக்கிவிட்டால், நாளை மோசடிக்காரன் ஆசிரியர் குரலில் பேசும்போது அந்தத் தாய் எதை வைத்துப் பிரித்தறிவாள்? மாணவரின் பள்ளிக் கணக்கைத் திறக்கும் அதிகாரம் பள்ளிக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

பெயர்ச் சிக்கல் தனிக்கதை. நம் ஊரில் பெயருக்கு முன் தலைப்பெழுத்து போடுகிறோம். குடும்பப் பெயர் வழக்கம் இல்லை. பள்ளிப் பதிவேட்டில் தலைப்பெழுத்து முன்னால் இருக்கும், ஆதாரில் பின்னால் இருக்கும், பிறப்புச் சான்றிதழில் தந்தையின் பெயர் முழுதாக விரிந்திருக்கும். ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரு நெடிலுக்கு ஓரெழுத்தா ஈரெழுத்தா என்பது அன்று கணினி முன் உட்கார்ந்திருந்தவரின் விருப்பம். ஒரே பிள்ளை மூன்று ஆவணங்களில் மூன்று பேராக ஆகிவிடுகிறாள். மாணவர்களுக்கு 12 இலக்க ‘அபார்’ எண் உருவாக்கும் பணியில் ஆசிரியர்கள் மோதிக்கொண்ட சுவர்களில் முக்கியமானது இதுதான். ஓர் எழுத்துக்காகக் கூலி வேலையை விட்டுவிட்டு ஆதார் மையத்தில் வரிசையில் நின்ற பெற்றோர் எத்தனை பேர்! எனவே ஒற்றைக் கணக்கு என்று வரும்போது அதன் அடிப்படை பெயராக இருக்கக் கூடாது. பிள்ளை பள்ளியில் சேரும்போது தரப்படும் ‘எமிஸ்’ எண் ஏற்கெனவே இருக்கிறது; அதுவே அடையாளமாக இருக்கட்டும். பெயரில் பிழை இருந்தால் பிறகு திருத்திக்கொள்ளலாம். அதுவரை பிள்ளை பாடம் படிக்கத் தடை இருக்கக் கூடாது.

இது முடியாத காரியம் அல்ல. நார்வேயில் ‘ஃபெய்டெ’ என்ற அரசு அமைப்பு தொடக்கப் பள்ளி முதல் பல்கலைக்கழகம் வரை ஒரே நுழைவைத் தருகிறது. அங்கே கவனிக்க வேண்டியது தொழில்நுட்பத்தைவிட நிர்வாக ஏற்பாடு. மாணவரின் விவரங்களும் கடவுச்சொல்லும் பள்ளியை நடத்தும் உள்ளாட்சி அமைப்பிடம்தான் இருக்கின்றன. கடவுச்சொல் மறந்துவிட்டது என்று ‘ஃபெய்டெ’யைக் கேட்டால், உங்கள் பள்ளியைக் கேளுங்கள் என்பார்கள், அதை மாற்றும் அதிகாரம் அவர்களிடம் இல்லை. அது உள்ளூரில் இருக்கிறது. ஒரு பாடச் செயலி உள்ளே வரும்போது மாணவரைப் பற்றி எந்தெந்த விவரம் அதற்குப் போகிறது என்பதும் பயனருக்குத் தெரியும்படி வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் எழுத்துக் கூட்டவே பழகாத மழலையர் வகுப்புப் பிள்ளைகள், ‘க்ளெவர்’ என்ற நிறுவனத்தின் ஏற்பாட்டில், க்யூஆர் குறியீடு அச்சிட்ட அட்டையைக் கணினியின் கேமரா முன் காட்டி உள்ளே போகிறார்கள். 2018 முதல் நம் பாடநூல்களில் க்யூஆர் குறியீடு இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு அது அந்நியமான பொருள் அல்ல. ‘திக்‌ஷா’விலும் மாநிலக் கணக்கைக் கொண்டு நுழையும் வழி வடிவமைப்பிலேயே இருக்கிறது. அந்த வழியை மற்றத் தளங்களுக்கும் விரிவாக்குவதுதான் செய்ய வேண்டியது. மத்திய அரசின் தளங்களையும் இதில் சேர்க்க டெல்லியுடன் பேச வேண்டியிருக்கும். மாநிலத் தளங்களை இணைக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

ஒரே சாவி என்றால், அது தொலைந்தால் வீடே போகும் என்ற அச்சம் நியாயமானது. அமெரிக்கப் பள்ளிகள் பரவலாகப் பயன்படுத்தும் ‘பவர்ஸ்கூல்’ நிறுவனத்தில் 2024 டிசம்பரில் நடந்த தகவல் திருட்டை நம் அதிகாரிகள் கூர்ந்து படிக்க வேண்டும். மாணவர், ஆசிரியர் விவரங்கள் மிகப் பெரிய அளவில் பறிபோயின. திருடர்கள் எந்தப் பள்ளியின் கதவையும் உடைக்கவில்லை. வாடிக்கையாளர்களுக்கு உதவி செய்வதற்கென்று அந்த நிறுவனம் வைத்திருந்த தளத்துக்குள், திருடப்பட்ட ஒரு கடவுச்சொல்லைக் கொண்டு நுழைந்தார்கள். அந்தக் கதவுக்கு இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு இல்லை. நம் நாட்டிலும் ‘திக்‌ஷா’வில் ஆசிரியர், மாணவர் விவரங்கள் பாதுகாப்பின்றித் திறந்து கிடந்தது 2023-இல் செய்தியாக வெளிவந்தது. எனவே யாருக்கு அதிக அதிகாரமோ அவருக்கே அதிகக் கட்டுப்பாடு என்று விதி வைக்க வேண்டும். மாணவருக்கு அட்டை போதும். ஆசிரியருக்குக் கடவுச்சொல்லுடன் இரண்டாம் சரிபார்ப்பு. மாவட்ட, மாநில அலுவலகத்திலும் ஒப்பந்த நிறுவனத்திலும் இருந்துகொண்டு லட்சக்கணக்கான பிள்ளைகளின் விவரங்களைப் பார்க்க முடிந்தவருக்கு, அவர் எப்போது எதைத் திறந்தார் என்ற பதிவும் சேர்த்து. 2023-ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்ட எல்லோரையும் குழந்தைகளாகவே கருதுகிறது. அரசுப் பள்ளியின் கணினியில் இருப்பது அந்தக் குழந்தைகளின் விவரங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இன்று இருக்கும் ஏற்பாடு பாதுகாப்பானது என்று நினைப்பது தவறு. ஏழெட்டுக் கடவுச்சொற்களை யாராலும் மனப்பாடமாக வைத்திருக்க முடியாது. எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லைப் போடுகிறார்கள், அல்லது தலைமை ஆசிரியர் அறையில் தாளில் எழுதி ஒட்டுகிறார்கள். பள்ளியின் கணக்கைப் பக்கத்து இணைய மையக்காரரிடம் கொடுத்துப் பதிவேற்றச் சொல்கிற பள்ளிகளும் உண்டு. அவர் நல்லவராக இருப்பதுதான் அங்கே பிள்ளைகளின் விவரங்களுக்கு இருக்கும் ஒரே காவல்.

ஆட்களுக்கு எங்கே போவது என்ற கேள்விக்கு இந்த மாநிலத்தில் பதில் எளிது. கணினி அறிவியலில் பட்டமும் பி.எட். படிப்பும் முடித்துவிட்டு, அரசுப் பள்ளியில் ஒரு பணியிடம் கேட்டு ஆண்டுக்கணக்கில் மனு கொடுத்துக் களைத்தவர்கள் ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்கிறார்கள். 2012-இல் நியமிக்கப்பட்ட 16 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களில் கணினி ஆசிரியர்களும் உண்டு. தொகுப்பூதியத்தில் இத்தனை ஆண்டுகளைக் கழித்துவிட்டு இன்னும் நிரந்தரம் கேட்டுப் போராடிக்கொண்டிருக்கிறார்கள். பல பள்ளிகளில் கணினி நின்றுபோனால் முதலில் கூப்பிடப்படுபவர் இந்தக் கணினி ஆசிரியர்தான். அந்த வேலைக்கு ஒரு பதவிப் பெயர் இல்லை, ஊதியம் இல்லை, மாணவரின் கணக்கைத் திறந்துவிடும் அதிகாரமும் இல்லை. ஒப்பந்த நிறுவனங்கள் மூலம் ஆய்வகத்துக்கு ஆள் அனுப்பும் முறை இதற்கு மாற்று ஆகாது. ஒப்பந்தம் முடிந்தால் ஆள் போய்விடுவார். பள்ளியைப் பற்றி அவர் கற்றதும் அவரோடு போய்விடும். கடவுச்சொற்களும் அவரோடு போகக்கூடும்.

37 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் பள்ளிக்கு ஒருவர் என்று கேட்டால் நிதித் துறை மறுக்கும் என்பது நமக்குத் தெரியும். சிறிய தொடக்கப் பள்ளிக்கு அப்படி ஒரு முழுநேரப் பணியாளர் தேவையும் இல்லை. குறுவள மையத்துக்கு ஒருவர் என்று தொடங்கலாம். சுற்றியுள்ள பள்ளிகளுக்கு வாரம் ஒரு முறை அவர் நேரில் போக வேண்டும். இடையில் அழைத்தால் அன்றைக்குள் கணக்கைத் திறந்துவிட வேண்டும். உயர்தொழில்நுட்ப ஆய்வகம் உள்ள மேல்நிலைப் பள்ளியில் மட்டும் ஒருவர் முழுநேரமாக இருக்கட்டும். மாணவரின் கடவுச்சொல்லை மாற்றும் அதிகாரம் வகுப்பாசிரியருக்கே தரப்பட வேண்டும்; அதற்கு எந்த நியமனமும் வேண்டாம், அமைப்பில் ஒரு மாற்றம் செய்தால் போதும். வரும் கல்வியாண்டு தொடங்கும் முன்பே அதைச் செய்துவிடலாம்.

அடுத்த முறை பள்ளிக்கல்வித் துறை டேப்லெட்டுக்கோ திரைக்கோ ஒப்பந்தப்புள்ளி கோரும்போது, கருவியின் விலைக்கு அடுத்த வரியில் ஐந்து ஆண்டுப் பராமரிப்புக்கும் உதவிப் பணியாளருக்கும் ஆகும் செலவையும் எழுதட்டும். தொகை கூடினால் கருவிகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளட்டும். புதிய செயலி எதுவானாலும் அந்த ஒற்றைக் கணக்கில் இணையாத வரை எந்தப் பள்ளிக்கும் அதை அனுப்பக் கூடாது என்று ஓர் அரசாணையும் வரட்டும்.