காசினோ விடுதி நம் தீவுகளுக்கு வேண்டுமா?

2025-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கொழும்பு நகரில் 'சிட்டி ஆஃப் ட்ரீம்ஸ்' என்னும் உல்லாச விடுதியின் காசினோ திறக்கப்பட்டது. ஜான் கீல்ஸ் நிறுவனம் நூறு கோடி அமெரிக்க டாலருக்கு மேல் செலவிட்டு எழுப்பிய விடுதி அது. ஏறத்தாழ 800 அறைகள், கடைவீதி, விருந்து மண்டபங்கள். இவற்றோடு ஹாங்காங், மக்காவ் பக்கம் பெயர் பெற்ற மெல்கோ நிறுவனம் நடத்தும் சூதாட்டக் கூடம். இந்தியாவிலிருந்து வரும் பயணிகளையே அது பெரிதும் எதிர்பார்க்கிறது.

இலங்கையும் தீவு, நாமும் தீவு. அங்கே வந்தது இங்கே வந்தால் நம் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்குமே என்று கேட்பவர்கள் உண்டு. இந்தக் கேள்வியை ஏளனம் செய்வதற்கில்லை. அரசு வேலையை விட்டால் இங்கே படித்த இளைஞனுக்குக் கண்ணுக்குத் தெரியும் ஒரே வழி சுற்றுலாதான். எனவே 'சூது பாவம்' என்று ஒரு வரியில் முடித்துவிடாமல், அந்த விடுதி எப்படிப் பிழைக்கிறது என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ரூலெட் சக்கரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய முறைச் சக்கரத்தில் பூஜ்யம் முதல் 36 வரை 37 எண்கள். ஓர் எண்ணின் மேல் ஒரு ரூபாய் வைத்து அது விழுந்தால், வைத்த ரூபாயும் அதோடு 35 ரூபாயும் கிடைக்கும். 37 எண்களிலும் ஒவ்வொரு ரூபாய் வைத்தால் போட்டது 37, திரும்புவது 36. மிச்சம் ஒரு ரூபாய் விடுதிக்கு. இதில் மோசடி ஏதும் இல்லை. சக்கரத்தின் அமைப்பே அப்படி. ஆடுகிறவன் ஒரு நாள் ஜெயிக்கலாம். ஆனால் ஆட ஆட, அந்த ஒரு ரூபாய் விடுதியின் பக்கமே சேர்ந்துகொண்டு போகும். அதனால்தான் அங்கே கடிகாரம் கண்ணில் படுவதில்லை. பெருந்தொகை ஆடுகிறவருக்கு அறையும் உணவும் இலவசமாகக் கிடைக்கின்றன. திருக்குறளில் 'சூது' என்ற அதிகாரத்தில், வெற்றியைத் தூண்டில் முள்ளுக்கு ஒப்பிட்டார் வள்ளுவர். மீன்பிடித் தொழிலை அறிந்த நமக்கு அதற்கு உரை தேவையில்லை.

சிங்கப்பூரின் மரீனா பே சாண்ட்ஸ் 2010-இல் திறக்கப்பட்டபோது அறைகள் 2,500-க்கு மேல். ஆட்டக்கூடத்துக்கு அரசு விதித்த உச்சவரம்பு 15,000 சதுர மீட்டர். மொத்தத் தளப்பரப்பில் நூற்றில் மூன்று பங்கு கூட இல்லை. ஆனால் வருவாயின் பெரும்பகுதி அந்தச் சிறிய இடத்திலிருந்துதான் வருகிறது. ஆக, அறையும் கடையும் வாசல். வியாபாரம் உள்ளே மேசையில்.

இனி, காசினோவை அனுமதித்த அரசுகள் தம் சொந்த மக்களை எப்படி நடத்துகின்றன என்று பாருங்கள். சிங்கப்பூர் தன் குடிமக்களிடமும் நிரந்தரவாசிகளிடமும் ஒரு நாள் நுழைவுக்கு 100 வெள்ளி வாங்கியது. 2019-இல் அதை 150 ஆக்கியது. வெளிநாட்டாருக்கு அந்தக் கட்டணம் கிடையாது. குடும்பத்தார் மனுச் செய்து, ஒருவரை உள்ளே விடாமல் தடுக்கவும் அங்கே சட்டத்தில் வழி உண்டு. மலேசியாவில் கெந்திங் மலையின் காசினோவுக்குள் முஸ்லிம்களுக்கு இடமில்லை. கோவா அரசு 2020 பிப்ரவரி முதல், மாண்டோவி ஆற்றில் மிதக்கும் காசினோக்களில் கோவாக்காரர்களே விளையாடக் கூடாது என்றது. இலங்கையும் தன் குடிமக்களுக்கு நுழைவுக் கட்டணம் வைத்திருக்கிறது. 2025-இல் அதை 50 டாலரிலிருந்து 100 டாலராக உயர்த்த முடிவு செய்தது. தான் சமைத்த உணவைத் தன் பிள்ளை உண்ணாதபடி தள்ளி வைக்கும் சமையற்காரரைக் கண்டால் நாம் என்ன நினைப்போம்?

வேலி போட்டால் போதாதா என்று கேட்கலாம். பல இலட்சம் மக்கள், பலமான நிர்வாகம் உள்ள சிங்கப்பூருக்கு அது ஓரளவு இயலும். நம் தீவுகளின் மொத்த மக்கள்தொகையே 2011 கணக்குப்படி 3,80,581. உள்ளே வேலை செய்பவரும், வண்டி ஓட்டுபவரும், மீன் கொடுப்பவரும், வாசலில் நிற்பவரும் ஒருவருக்கொருவர் உறவு. இங்கே ஒருவன் கடன்பட்டால் அது தெருவுக்கே தெரியும். ஊரை விட்டுப் போகலாமென்றால் சென்னைக்குக் கப்பலில் மூன்று நாள். தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டால் அரசுக்கு வருமானம் வந்தது. ஆனாலும் கூலித் தொழிலாளர் குடும்பங்கள் படும் பாட்டைக் கண்டு 2003-இல் அதைத் தடை செய்தார்கள். கைபேசியில் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களை 2025-இல் நாடாளுமன்றமே தடை செய்தது. அங்கெல்லாம் விலக்கியதை நாம் ஏன் விலை கொடுத்து வாங்க வேண்டும்?

காசினோ இல்லாமல் பெரிய விடுதி நடக்காது என்பதும் சரியல்ல. ஹேவ்லாக் தீவின் ராதாநகர் கடற்கரையில் தாஜ் விடுதி 2018 முதல் காசினோ இல்லாமல் நடக்கிறது. ஆனால் ஒரு எச்சரிக்கை வேண்டும். தாமனில் டெல்டா கார்ப் நிறுவனம், உரிமம் வரும் என்ற நம்பிக்கையில் பெரிய விடுதியைக் கட்டி 2014-இல் திறந்தது. உரிமம் ஆண்டுக்கணக்கில் வரவில்லை. விடுதி முதலில் வரும், சூதாட்டக் கோரிக்கை பின்னால் வரும் என்பதை இதிலிருந்து அறிகிறோம்.

முதலில் கேட்க வேண்டியதைப் பின்னால் கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் பெரார்கஞ்ச் வட்டத்திலேயே சான்று உண்டு. காலின்பூரில் பேர்ஃபுட் நிறுவனம் ஒரு விடுதியை அமைத்தது. 2007-இல் ஜராவா காப்பகத்தைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் தடுப்பு வளையம் அறிவிக்கப்பட்டது. அந்த இடம் வளையத்துக்குள் விழுந்தது. கல்கத்தா உயர் நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. 2012 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வளையத்துக்குள் வணிகச் சுற்றுலாவையே நிறுத்தச் சொன்னது. கட்டடம் எழுந்த பிறகு பல ஆண்டு வழக்கு. ஜராவா மக்களின் அமைதி முன்பே எண்ணிப் பார்க்கப்பட்டிருந்தால் இத்தனை அலைச்சல் எதற்கு?

ஆகவே நாம் விடுதிகளுக்கு எதிரிகள் அல்ல. வரட்டும், நம் நிபந்தனையோடு வரட்டும். தனிக்காரி அணையை நம்பி, கோடையில் முறைவைத்துக் குழாய்நீர் பெறும் மக்களின் பங்கில் கை வைக்காமல், விடுதி தன் தண்ணீருக்குத் தானே வழி காணட்டும். காய்கறியும் தேங்காயும் மீனும் நம் விவசாயிகளிடமும் மீனவர்களிடமும் வாங்கட்டும். துடைப்பமும் தட்டும் மட்டும் நம் பிள்ளைகள் கையில் கொடுக்காமல், மேலாளர் பணிக்கும் பயிற்சி தரட்டும். சூதாட்டக் கூடம் எக்காலத்திலும் இல்லை என்பது குத்தகைப் பத்திரத்தில் முதல் நாளே எழுதப்படட்டும்.

இவற்றைக் கேட்க வேண்டிய இடம் கிராமப் பஞ்சாயத்து. கேட்க வேண்டிய நேரம் அடிக்கல் நாட்டுவதற்கு முன். தமிழர், வங்காளி, தெலுங்கர், ராஞ்சிக்காரர் என்று பிரிந்து நிற்காமல், எல்லாச் சங்கங்களும் ஒன்றுகூடி எழுத்தில் கேட்க வேண்டும். நம் சங்கம் அதைத் தொடங்கி வைத்தால், பிள்ளைகளுக்கு நாம் செய்யும் பெரிய தொண்டு அதுவாகவே இருக்கும்.