கோணல் மூக்கு, அகல மூக்கு: ஆபரேஷனில் சரியாகுமா? பணம் கட்டும் முன் கவனிக்க வேண்டியவை

செல்ஃபி எடுத்தால் மூக்கு மட்டும் பெருசா தெரியுதா? பிரச்சினை கேமராவிலும் இருக்கலாம். முகத்திலிருந்து 12 அங்குலத்தில் எடுக்கும் செல்ஃபி, மூக்கை சுமார் 30 சதவீதம் அகலமாகக் காட்டும் என்கிறது ‘ஜாமா ஃபேஷியல் பிளாஸ்டிக் சர்ஜரி’ இதழில் 2018-ல் வெளியான ஆய்வு. 5 அடி தூரத்தில் எடுத்தால் இந்தக் கோளாறு இல்லை.

போட்டோவில் மட்டுமல்ல, நிஜத்திலேயே மூக்கு கோணலாகவோ அகலமாகவோ இருந்தால்? இரண்டுக்கும் சிகிச்சை வேறு வேறு.

கோணல் மூக்கு

எலும்பு, மூக்குத்தண்டு என இரண்டில் எது வளைந்திருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. எலும்பு என்றால், அதை அளவாக வெட்டி நேராக நகர்த்தி வைப்பார்கள். இது ஆஸ்டியோடமி. தண்டு என்றால் செப்டோபிளாஸ்டி. வளைந்த குருத்தெலும்பை நிமிர்த்துவார்கள் அல்லது தேவையான அளவு நீக்குவார்கள். அதற்காக மொத்தத்தையும் எடுத்துவிட முடியாது. மேலேயும் முன்னாலும் சுமார் 1 செ.மீ. பட்டையை விட்டுவைக்காவிட்டால் மூக்கு உள்வாங்கிவிடும்.

குருத்தெலும்புக்கு பழைய வளைவுக்கே திரும்பும் குணம் உண்டு. அதனால் பக்கவாட்டில் முட்டுக் கொடுப்பதுபோல ‘ஸ்ப்ரெடர் கிராஃப்ட்’ எனும் குருத்தெலும்புத் துண்டை வைத்துத் தைப்பார்கள். மூச்சுப் பாதை சுருங்காமலும் இது பார்த்துக்கொள்ளும்.

அகல மூக்கு

மேல்பகுதி அகலம் என்றால் எலும்பை வெட்டி உள்பக்கம் நகர்த்துவார்கள். நுனி தடிமன் என்றால் அங்குள்ள குருத்தெலும்பைத் தையல் போட்டுக் குறுக்குவார்கள். மூக்கு மடல் விரிந்திருந்தால், அடிப்பகுதியில் சிறு துண்டை வெட்டி எடுப்பார்கள்.

இங்கேதான் உஷார் தேவை. அதிகமாக வெட்டிவிட்டால் துவாரம் சுருங்கிவிடும், அதைத் திரும்பச் சரிசெய்வது ரொம்பவே கஷ்டம். எலும்பை அதிகமாகக் குறுக்கினாலும் மூச்சு அடைக்கும். மெலிந்த மூக்கு கிடைத்து, நிம்மதியான மூச்சு போய்விட்டால் அது நஷ்டக் கணக்குதான்.

இன்சூரன்ஸ் கிடைக்குமா?

அழகுக்காக மட்டும் என்றால் கிடைக்காது. கூடவே 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் உண்டு. பிறவிக் குறைபாடு, விபத்து போன்றவற்றால் பாதித்த உறுப்பைச் சீரமைக்கும் அறுவை சிகிச்சைக்கு அந்த வரி கிடையாது. மூச்சுத் திணறலுக்கான செப்டோபிளாஸ்டிக்கு பல பாலிசிகளில் காத்திருப்புக் காலம் முடிந்தபின் பணம் கிடைக்கும். இரண்டையும் ஒரே ஆபரேஷனில் செய்தால், எது சிகிச்சை, எது அழகு என்று பில்லில் பிரித்துக் கேட்பது நல்லது.

ரிசல்ட் எப்போது?

மூக்கின் மேல் வைக்கும் கட்டு சுமார் ஒரு வாரத்தில் எடுக்கப்படும். ஆனால் வீக்கம் முழுதாக வடிந்து இறுதி வடிவம் தெரிய ஒரு வருடம்வரை ஆகலாம். அடுத்த மாதக் கல்யாணத்துக்காக இந்த மாதம் செய்துகொள்ளும் விஷயம் இல்லை இது.

டாக்டரிடம் மூன்று கேள்விகளைக் கேட்டே ஆக வேண்டும்: நீங்கள் பிளாஸ்டிக் சர்ஜனா, காது மூக்கு தொண்டை நிபுணரா? என் மூக்கில் எந்தப் பகுதியை மாற்றப்போகிறீர்கள்? அதன்பிறகு என் மூச்சு எப்படி இருக்கும்? மூன்றாவது கேள்விக்குத் தெளிவான பதில் வராவிட்டால், இன்னொரு டாக்டரைப் பார்ப்பதே புத்திசாலித்தனம்.