ரெண்டு கார்டு மாட்டினா போதுமா?

சர்வரில் ரெண்டு நெட்வொர்க் கார்டு மாட்டி, ஒண்ணு இன்டர்நெட்டுக்கு, ஒண்ணு உள்ளுக்குன்னு பிரிச்சா உள் நெட்வொர்க் பத்திரம்னு நம்மில் பலர் நினைக்கிறோம். இல்லைங்க.

ஐபி ஃபார்வர்டிங்கை ஆஃப் செய்தால் பாக்கெட் தானாகத் தாண்டாது, சரி. ஆனால் சர்வருக்குள்ளேயே புகுந்தவனுக்கு ஃபார்வர்டிங் எதுக்கு? வாசல்ல நுழைஞ்சவன் பொடக்காளிக்குப் போக எவ்வளவு நேரம்?

2019-ல் கூடங்குளம் அணுமின் நிலைய விவகாரத்தில் மால்வேர் சிக்கியது, இன்டர்நெட் இருந்த நிர்வாக நெட்வொர்க்கின் ஒரு கணினியில். முக்கிய உள் நெட்வொர்க் அதிலிருந்து தனி என்று அக்டோபர் 30 அன்று இந்திய அணுமின் கழகம் சொன்னது. ரெண்டையும் தொடுற ஒரு சர்வர் நடுவில் இருந்திருந்தா?

நாளைக்குப் பல்லடத்துல ஒரு ஆட்டோலூம் யூனிட் நெட்வொர்க்கை நம்மகிட்ட ஒப்படைச்சா, தறியையும் இன்டர்நெட்டையும் ஒரே பெட்டியில் சேர்க்க வேண்டாம். இன்டர்நெட்டுக்குத் தனிக் கணினி வைப்போம். செலவு கூடத்தான், தறி நின்னா ஆகுற நஷ்டம் அதைவிடப் பெருசு.