உங்கள் ஆதார் என் போனில் வேண்டாம்

ஜெராக்ஸ் கடைக்காரியின் வாட்ஸ்அப்பைத் திறந்தால் ஒரு தாலுகா ஆபீசே உள்ளே இருக்கும். ஆதார், பான் கார்டு, வாடகை ஒப்பந்தம், ஸ்கேன் ரிப்போர்ட், மார்க் ஷீட். ஆதம்பாக்கம் கருணீகர் தெருப் பக்கம் கடை வைத்திருக்கிறேன். "நம்பர் சொல்லுங்கக்கா, வாட்ஸ்அப்ல அனுப்புறேன்" என்று சொல்லாத வாடிக்கையாளர் அபூர்வம். இந்தப் பழக்கத்தைக் கடைக்காரர்களாகிய நாங்கள்தான் நிறுத்த வேண்டும்.

2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு தடை செய்த 59 சீனச் செயலிகளில் ஷேர்இட், செண்டர் இரண்டும் இருந்தன. அவற்றில் நெட் செலவில்லாமல் படம் அனுப்பிப் பழகிய எங்கள் வாடிக்கையாளர்கள் வாட்ஸ்அப்புக்கு வந்துவிட்டார்கள். வழியில் யாரும் படிக்க முடியாதபடி அது பூட்டித்தான் அனுப்புகிறது. அதில் எனக்குச் சண்டையில்லை. வந்து சேர்ந்த பிறகுதான் வம்பு. பிரிண்ட் எடுத்துக் காசு வாங்கியாயிற்று, ஆனால் கோப்பு கடை போனின் கேலரியில் கிடக்கிறது, கணினியின் டவுன்லோட்ஸில் கிடக்கிறது, அனுப்பியவரின் நம்பரோடு. அதே போனைக் கடைப் பையனும் எடுக்கிறான்.

2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், நகலைக் கண்ட இடத்தில் கொடுக்காதீர்கள், பொதுக் கணினியில் இறக்கினால் கையோடு அழித்துவிடுங்கள் என்று எச்சரித்தது. மக்கள் தவறாகப் புரிந்துகொள்ளக்கூடும் என்று மத்திய அரசு இரண்டே நாளில் அதைத் திரும்பப் பெற்றது. எனக்கென்னவோ அந்த எச்சரிக்கை சரியாகத்தான் பட்டது.

என் கடைக் கணினியில் ஓடுவது லினக்ஸ். அதில் கியூஆர்சிபி என்ற இலவச மென்பொருளைப் போட்டிருக்கிறேன். அதன் டெப் கோப்பை இறக்கி, டெர்மினல் என்ற கட்டளைத் திரையில் 'சூடோ டிபிகேஜி' என்று தொடங்கும் ஒரு வரி அடித்தால் நிறுவிவிடலாம். பிறகு 'கியூஆர்சிபி ரிசீவ்' என்று அடித்தால் அந்தக் கறுப்புத் திரையிலேயே கியூஆர் கோடு வந்து நிற்கும். வாடிக்கையாளர் கடை வைஃபையில் சேர்ந்து ஸ்கேன் செய்ய வேண்டியதுதான். போனின் பிரவுசரில் ஒரு பக்கம் திறக்கும், கோப்பைத் தொட்டு அனுப்பினால் நேராக என் கணினிக்கு வந்துவிடும். செயலி இறக்க வேண்டாம், நம்பர் தர வேண்டாம், ஐபோனிலும் நடக்கும். ஒருவர் அனுப்பி முடித்ததும் அந்த இணைப்பு அணைந்துவிடும். அடுத்தவருக்கு மேல்நோக்கிய அம்புக்குறி, ஒரு என்டர்.

பராமரிப்பு கொஞ்சம் உண்டு. முதல் தடவை எந்த நெட்வொர்க் என்று கேட்கும். போன் சேர்கிற அதே நெட்வொர்க்கைச் சொல்ல வேண்டும். போர்ட் எண்ணை நிலையாக வைத்து, ஃபயர்வாலில் அதைத் திறந்துவிட வேண்டும். ரவுட்டரின் 'கெஸ்ட்' வைஃபை பெரும்பாலும் ஒரு கருவியை இன்னொன்றோடு பேச விடாது. "வரலையே" என்ற புலம்பலுக்குப் பல சமயம் அதுதான் காரணம். தனியாக அமைத்தாலொழிய இந்த மென்பொருள் கோப்பைப் பூட்டி அனுப்பாது, அதனால் வைஃபைக்குப் பாஸ்வேர்டு கட்டாயம். வரும் கோப்புகள் டெம்ப் ஃபோல்டரில் சேரும்படி வைத்திருக்கிறேன். இரவு கடை சாத்தும்போது கணினியை அணைத்தால், காலையில் போடும்போது அந்த ஃபோல்டர் காலியாகிவிடுகிறது.

விண்டோஸ் வைத்திருப்பவர்களும் தப்பிக்க முடியாது, அதற்கும் கியூஆர்சிபி இருக்கிறது. கமாண்ட் அடிக்கப் பயம் என்பார்கள். பழக்கமில்லாததுதான் காரணம். 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் பாஸ் லினக்ஸ் வந்தது, சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கியது. டெபியன் வழி வந்த அதிலும் இதே டிபிகேஜி கட்டளைதான். அந்த லேப்டாப்போடு என் கடைக்கு வந்த பிள்ளைகள் பலர் டெர்மினலைத் திறந்ததே இல்லை. கல்லூரிப் பிள்ளைகளுக்கு அரசு மறுபடி லேப்டாப் தரும் இந்த நேரத்தில், ஒரு மதியம் ஒதுக்கி டெர்மினலையும் சொல்லிக்கொடுக்கலாம்.

அடுத்த முறை பிரிண்ட் எடுக்கப் போகும்போது கடைக்காரர் வாட்ஸ்அப் நம்பரைச் சொன்னால், வைஃபையில் அனுப்ப வழியிருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால், உங்கள் கண் முன்னாலேயே அழிக்கச் சொல்லிவிட்டுக் காசைக் கொடுங்கள்.