‘எங்களுக்கு ஒண்ணும் ஆகலையே!’

கூட்டேரிப்பட்டு கூட்டுரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்கு டீக்கடையிலேயே சகல ஞானமும் கிடைத்துவிடும். போன வாரம் எனக்குக் கிடைத்தது வேதியியல் ஞானம். பக்கத்தில் ஏதோ ஒரு மேல்நிலைப் பள்ளிக்குப் புதிதாக வந்த டீச்சர், ரப்பர் செருப்போடும் தொங்கும் துப்பட்டாவோடும் வந்த பிளஸ் டூ பிள்ளைகளை லேபுக்குள் விடவில்லையாம். திரவத்தை அளந்து உறிஞ்சுகிற பிப்பெட்டில் வாய் வைக்கக் கூடாது என்று வேறு சொன்னாராம். பெஞ்சில் இருந்த பெரியவருக்குப் பொறுக்கவில்லை. “நாங்கல்லாம் வாயாலதான் சார் உறிஞ்சினோம். நாக்குல பட்டா துப்பிட்டு மறுபடி உறிஞ்சுவோம். எங்களுக்கு என்னா ஆச்சு? இப்ப வர்ற டீச்சருங்க புள்ளைங்கள பயமுறுத்தியே கெடுக்குறாங்க.” கடையே தலையாட்டியது, டீ மாஸ்டர் உட்பட.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனால், தலைப்பாகைக்கு நன்றி சொல்வது ஒரு வகை. நம் ஆட்கள் வேறு வகை. தலைக்கு எதுவுமே வரவில்லை என்று சாதிப்பார்கள், அடுத்தவன் தலைப்பாகையையும் பிடுங்கி எறிவார்கள். ‘எங்களுக்கு ஒண்ணும் ஆகலையே’ என்கிற இந்த ஒரு வாக்கியத்தை எதிர்த்து யாராலும் பேச முடியாது. ஏதாவது ஆனவன் எவனும் டீக்கடை பெஞ்சுக்குச் சாட்சி சொல்ல வருவதில்லை அல்லவா?

அப்படி வர முடியாத ஒருவரைச் சொல்கிறேன். கார்ல் வில்ஹெல்ம் ஷீலே. சுவீடன் நாட்டு மருந்துக்கடைக்காரர். ஆக்சிஜனை பிரீஸ்ட்லிக்கு முன்பே பிரித்தெடுத்தவர், 1774-இல் குளோரினைக் கண்டவர். மேதை, சந்தேகமில்லை. கையில் கிடைத்த பொருளையெல்லாம் முகர்ந்து, நாக்கிலும் வைத்துப் பார்க்கிற பழக்கம் மேதைக்கு இருந்தது. ஹைட்ரஜன் சயனைடின் சுவை எப்படி என்றுகூடக் குறித்து வைத்தார். 1786-இல் செத்துப்போனார். வயது 43. பாதரசமும் ஆர்சனிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே சேர்ந்ததுதான் காரணம் என்று பலரும் எழுதுகிறார்கள். 42 வயதில் அவரைக் கூட்டேரிப்பட்டுக்கு அழைத்துவந்து ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? “எனக்கு ஒண்ணும் ஆகலையே!”

வாயால் உறிஞ்சுவதில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். குடுவையில் ஆக்சாலிக் அமிலம். 20 மில்லி பிப்பெட்டின் நுனி அதற்குள், மறுமுனை பையனின் வாயில். அவன் கண் பிப்பெட்டின் அளவுக் கோட்டில் இருக்கிறது. நுனி எங்கே இருக்கிறது என்று அந்தக் கண்ணுக்குத் தெரியாது. குடுவையில் மட்டம் இறங்க இறங்க நுனி வெளியே வந்துவிடுகிறது. உறிஞ்சிய இழுப்பில் காற்று புகுந்து, குழாயில் இருந்ததெல்லாம் ஒரே பாய்ச்சலாக மேலே ஏறுகிறது. தொண்டைக்கும் அதற்கும் நடுவில் வேறு கதவு கிடையாது. ஆக்சாலிக் அமிலம் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கிற நஞ்சு. இதைத் தடுக்கிற ரப்பர் பல்பு ஒன்றின் விலை ஒரு பிரியாணிப் பொட்டலத்துக்கு மேல் பெரிதாகப் போகாது. ஆனால் நமக்குப் பல்பு வேண்டாம், வீரம் வேண்டும். ஷீலேவுக்கும் பல்பு தேவைப்படவில்லை.

மற்ற வீரக்கதைகளும் இதே ரகம்தான். உடைந்த தெர்மாமீட்டரின் பாதரசத்தை உள்ளங்கையில் உருட்டி விளையாடினோம் என்பார்கள். அதன் ஆவிக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. நுரையீரல் வழியாகப் போகிறது என்று உருட்டுகிறவனுக்கு யார் சொல்வது? கிப்ஸ் கருவியில் வந்த அழுகிய முட்டை நாற்றத்தில் மணிக்கணக்கில் நின்றோம், கொஞ்ச நேரத்தில் பழகிவிடும் என்பார்கள். ஹைட்ரஜன் சல்பைடு அளவு மீறினால் முகரும் நரம்பையே மரத்துப்போக வைக்கும். நாற்றம் பழகிவிட்டது என்று நினைக்கிற நேரம்தான் ஓட வேண்டிய நேரம். அமிலத்தில் தண்ணீரை ஊற்றாதே, தண்ணீரில் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விடு என்றால், எப்படி ஊற்றினால் என்ன, இரண்டும் கலக்கப்போகிறதுதானே என்பார்கள். அடர் கந்தக அமிலத்தில் விழுகிற தண்ணீர், கலக்கும்போது எழுகிற சூட்டில் கொதித்து, அமிலத்தையும் சேர்த்துக்கொண்டு முகத்தில் தெறிக்கும். தொங்கும் துப்பட்டாவிலிருந்து பாலியெஸ்டர் யூனிஃபார்மில் தீப்பிடித்தால் துணி உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் அந்த டீச்சர் தொங்கும் துப்பட்டாவை உள்ளே விடவில்லை, கலாச்சாரத்தைக் கெடுக்க அல்ல.

சுவீடன் தூரம் என்றால் மரக்காணத்துக்கு வாருங்கள். நம் விழுப்புரம் மாவட்டம், திண்டிவனத்துக்குக் கிழக்கே. 2023 மே மாதம் எக்கியார்குப்பத்தில் குடித்தது சாராயம் என்று நினைத்தவர்கள் குடித்தது மெத்தனால். தொழிற்சாலைக்குரிய ரசாயனம், நிறமில்லை, பார்த்தால் சாராயம்தான். உடம்புக்குள் போய் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பை அழிக்கும், உயிரையும் எடுக்கும். செங்கல்பட்டு மாவட்டத்தையும் சேர்த்து 20-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். முதல்நாள் வரை அவர்களுக்கும் ஒண்ணும் ஆகவில்லை. ‘லேபில் எதையும் சுவைக்காதே, பெயர் ஒட்டாத பாட்டிலைத் தொடாதே’ என்கிற விதியை டீச்சர் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால் பயமுறுத்துகிறாராம்! அந்த ஒரு விதி மனசில் ஏறிய பிள்ளை, வீட்டில் அப்பன் கையில் இருக்கிற சாராயப் பாக்கெட்டையும் சந்தேகமாகப் பார்க்கும். அதுதான் உங்களுக்கு உறுத்துகிறதோ?

இந்த மனோபாவம் லேபோடு நிற்கிறதா? வெளியே ஜி.எஸ்.டி. ரோட்டைப் பாருங்கள். ஹெல்மெட்டைப் பெட்ரோல் டேங்க் மேல் வைத்துக்கொண்டு, போலீஸ் தெரிந்தால் மட்டும் தலைக்கு மாற்றுகிறார்கள். டேங்க்குக்கு அடிபடாமல் இருக்க வேண்டுமே! பள்ளிக்கூடங்களின் சாமர்த்தியம் இன்னும் மேலே. லேபைப் பூட்டி வைத்தால் விபத்தே இல்லை. பத்தாம் வகுப்பில் செய்முறைக்கு 25 மார்க், பிளஸ் டூவில் ஒரு பாடத்துக்கு 20 மார்க். தேர்வு நெருங்கும்போது பூட்டைத் திறந்து, தூசி தட்டி, உப்பின் பெயரைக் காதில் ஓதி, மார்க்கை அள்ளிப் போட்டு, மறுபடி பூட்டுகிற பள்ளிகள் எத்தனை! வருஷம் முழுக்க பியூரெட்டைத் தொடாத கையில் அன்றைக்கு மட்டும் அமிலத்தைக் கொடுப்பது எந்த ஊர்ப் பாதுகாப்பு?

உதவிக்கு ஆள் வேண்டாமா என்றால் அதுவும் ஒரு கதை. 2015 மே மாதம் 4,362 ஆய்வக உதவியாளர் பணியிடங்களுக்குத் தமிழ்நாடு முழுக்கத் தேர்வு வைத்தார்கள். லட்சக்கணக்கில் எழுதினார்கள். முடிவு வந்தது 2017-இல். அதற்குள் பிளஸ் ஒன்னில் சேர்ந்த பிள்ளை பிளஸ் டூ முடித்து வெளியே போயிருக்கும். அரசாங்கத்துக்கும் அதே நினைப்பு: ஆள் இல்லாமலே ஓடுகிறது, ஒண்ணும் ஆகவில்லை.

பிள்ளைகளுக்கு பயம் வரும் என்கிறார்கள். வரட்டுமே. கரண்டு கம்பிக்கு பயப்படச் சொல்லித்தரும் ஊர், கந்தக அமிலத்துக்கு மட்டும் ஏன் நெஞ்சை நிமிர்த்துகிறது? பயந்தவன் கண்ணாடி போட்டுக்கொண்டு சோதனையை முழுசாகச் செய்வான். பயம் தெரியாத ஷீலேவுக்கு அடுத்த சோதனை செய்ய ஆயுசு இல்லை.

முன்னாள் மாணவர்களே, உங்கள் வீரத்தைப் பள்ளிக்கூடத்துக்குக் காட்ட வேறு வழி இருக்கிறது. வெள்ளி விழா, பொன்விழா என்று கூடும்போதெல்லாம் ஒரு டியூப்லைட்டை மாட்டி, வெளிச்சம் வெளியே வராத அளவுக்கு ‘உபயம்’ என்று பெயர் எழுதி வைக்கிறீர்கள். இந்த முறை ஒரு டஜன் ரப்பர் பல்பு, ஐம்பது பாதுகாப்புக் கண்ணாடி, ஒரு தீயணைப்பு உருளை, கண் கழுவ ஒரு குழாய் வாங்கிக் கொடுங்கள். உருளை மேல் உங்கள் பெயரோடு பட்டத்தையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள், யாரும் தடுக்க மாட்டார்கள். அதைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் வீட்டுக்குப் போங்கள். ஒண்ணும் ஆகாத கதையை மட்டும் பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள்.